ஈயம் சுற்றிய வேப்பிலைக்கட்டி

எக்ஸ்ரே விஷயத்தில் என்னிடம் வாதம் செய்து ஜெயித்தவர் கடலூரில் யாரும் இல்லை. பதினோரு வருடமாக ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே டெக்னீஷியன். வருகிறவர் வக்கீலோ வாத்தியாரோ, நான் சொன்னால் மூச்சை இழுத்துப் பிடிப்பார், விடச் சொன்னால் விடுவார். சொன்ன பேச்சு கேட்காதவள் என் அம்மா ராஜாமணி ஒருத்திதான்.

தங்கை ரேகா மஸ்கட்டில் நாலு மாத கர்ப்பம். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. ஐந்து கிலோ இளைத்துவிட்டாள். வீடியோ காலில் கன்னம் ஒட்டிப்போய், "அம்மா செய்யிற வேப்பிலைக்கட்டி இருந்தா கஞ்சியாவது உள்ள தங்கும்" என்று அழுதாள். பெயரில்தான் வேப்பிலை, இடிப்பது நாரத்தை இலை. அம்மா அன்றைக்கே டிக்கெட் போடச் சொல்லிவிட்டாள். சிதம்பரத்துக்குப் போய், அண்ணாமலை நகரில் இருக்கும் அருள்மொழி சித்தி வீட்டு மரத்தில் இலை பறித்து வந்து, மிளகாயும் ஓமமும் புளியும் சேர்த்து இடித்து உருட்டினாள்.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் அவள் பையைத் தூக்கிப் பார்த்தேன். தோள்பட்டை இறங்கிவிட்டது. வேப்பிலைக்கட்டி டப்பா மட்டும் நாலு கிலோ இருக்கும். மூடியைத் திறந்தேன்.

எங்கள் சென்டரில் விரிசல் விட்டதென்று கழித்துப்போட்ட, கதிர் படாமலிருக்க நாங்கள் மாட்டிக்கொள்ளும் ஈய ஏப்ரன் ஒன்றை நான் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். மாடியில் தண்ணீர்த் தொட்டி மூடி பறக்காமலிருக்க அதை மேலே போட்டு வைத்திருந்தேன். அம்மா அதைக் கத்தரித்து, டப்பாவின் உள்பக்கம் முழுக்கக் கச்சிதமாக வைத்து, நடுவில் உருண்டைகளை அடுக்கியிருந்தாள். வெட்டிய ஓரத்திலிருந்து உதிர்ந்த பொடி உருண்டைகள் மேலெல்லாம் ஒட்டியிருந்தது.

"என்னாம்மா இது?"

"ஏர்போர்ட்ல எக்ஸ்ரே மெஷின்ல உட்டு எடுப்பாங்களாமே. நீ இதத்தான போட்டுக்கிட்டு நிப்ப? அதான்."

மூடியைக் கீழே வைத்தேன். "எக்ஸ்ரே பட்டா சாப்பாட்டுக்கு ஒண்ணும் ஆவாதும்மா. லைட்டு மாதிரி உள்ள பூந்து அந்தாண்ட போயிடும், எதுவும் தங்காது. இந்த ஈயந்தான் வெஷம். புள்ளத்தாச்சிக்குக் குடுக்கறதுல போயி இத வெப்பியா? அதுவும் இல்லாம, இத சுத்தி வெச்சா மெஷின்ல உள்ள என்னா இருக்குன்னே தெரியாது. ஒன்ன நிக்க வெச்சி மொத்தத்தையும் பிரிச்சிப் பாப்பாங்க."

அம்மா அசரவில்லை. "கர்ப்பிணிங்க உள்ள வரக்கூடாதுன்னு ஒன் ரூம் கதவுல நீதான ஒட்டி வெச்சிருக்க? உள்ள வரவே கூடாதுன்னா, உள்ள போயிட்டு வந்தத திங்க மட்டும் திங்கலாமா?"

சிரித்துவிட்டேன். கேள்வி ஒன்றும் மோசமில்லை. "ஆள் மேல படக்கூடாதுன்னுதான் அது. நாளைக்கு சென்டருக்கு வா. ஈயம் படாம புதுசா ஒரு உருண்ட உருட்டி, எக்ஸ்ரே எடுத்து, ஒன் கண்ணு முன்னாடியே தின்னு காட்டறேன்."

"நீ திம்படி. ஒனக்கு நடந்தது அவளுக்கும் நடக்கக்கூடாது."

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஐந்து வருடத்துக்கு முன்னால் மூன்றாம் மாதத்தில் எனக்குக் கரு கலைந்தது. அப்போது அம்மா எனக்கு ரசம் வைத்துக் கொடுத்தாள், கால் பிடித்துவிட்டாள். காரணம் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"என் வேலைதான் காரணம்னு நெனச்சிக்கிட்டு இருந்தியா?"

"வேலைய உடுன்னா நீ உட்டுடுவியா? அதான் வாய மூடிக்கிட்டேன்."

கோபம்தான் முதலில் வந்தது. பீரோவைத் திறந்து ஃபைலை எடுத்து அவள் மடியில் போட்டேன். நான் சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜில் எவ்வளவு கதிர் பதிந்தது என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும் ரிப்போர்ட் எல்லாம் அதில் இருந்தது. கர்ப்பம் தெரிந்த நாளிலிருந்து நான் மெஷின் பக்கமே போகாமல் ரிசப்ஷனில் உட்கார்ந்ததற்கான கடிதம் இருந்தது. கரு ஆரம்பத்திலேயே சரியாக உருவாகவில்லை, வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் எழுதியதும் இருந்தது. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் படித்தாள்.

"இத ஏன் எங்கிட்ட காட்டல?"

"நீ கேக்கவே இல்லியேம்மா."

அவள் அழுதாள். நானும் அழுதேன். ஐந்து வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் இருந்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் சிதம்பரம் போனோம். சித்தி வீட்டு மரத்தை இன்னொரு முறை மொட்டையடித்தோம். பழைய உருண்டைகளையும் ஈயத் துண்டுகளையும் தனியாகக் கட்டி, முறைப்படி அப்புறப்படுத்தச் சொல்லி சென்டரில் ஒப்படைத்தேன். புது உருண்டைகளை சாதாரண பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தோம். அம்மா வேறு எதுவும் சுற்றவில்லை, வேறு எதுவும் சொல்லவுமில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். அவள் மனசில் இருப்பது தெரிந்தால் தேவலை என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சென்னை ஏர்போர்ட் வாசலில் அவளை விட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து போன் வந்தது.

"பிரிசில்லா, பைய அந்த பெல்ட்டுல நானே வெச்சேன். உள்ள போயி அந்தாண்ட வந்துடுச்சி."

"பிரிச்சிப் பாத்தாங்களா?"

"அவுங்க பிரிக்கல. நாந்தான் பிரிச்சேன். ஒரு உருண்ட எடுத்து வாயில போட்டுக்கிட்டேன்."

"ஏம்மா, ரேகாவுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணியா?"

"இல்லடி" என்றாள் அம்மா, மென்றுகொண்டே. "நீ சொன்னத நம்பறேன்னு ஒனக்கு வேற எப்படிக் காட்டறது?"