மூன்று மணி அடித்தால் வரலாம்

மலை ஏரியில் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கினால் படகுகள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். துடுப்பை உள்ளே இழுத்துக்கொண்டு விசில் ஊத வேண்டும். உயிர் போகிற அவசரம் என்றால் மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கையும் படகுத்துறை சூப்பிரண்டு சேனாதிபதி தன் கையாலேயே துறை மணியை மூன்று தடவை அடித்துத் தர வேண்டும். அவர் இடத்தில் இல்லாவிட்டால் என்ன செய்வது? அதற்கு விதியில் இடமில்லை. நல்ல விதி போங்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் ஒரு மத்தியானம், படகுக்காரர் அழகையா இதில் மாட்டிக்கொண்டார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர். அங்கே முப்பது வருஷம் சங்கு ஊதினால் வேலைக்குப் போய், சங்கு ஊதினால் வீடு திரும்பிய மனுஷன். உத்தரவு இல்லாமல் அவருக்குக் கை அசையாது. படகில் பக்கத்து மலைக்கிராமமான கவுஞ்சிக்காரர்கள் இருவர் இருந்தார்கள். குழந்தைவேல் பூண்டு விற்க வந்தவர். ஒரு தடவையாவது படகில் போகணும் என்று மனைவி காளியாயி நச்சரித்ததால் ஏறியவர்.

பாதி ஏரியில் மஞ்சு மூடிக்கொண்டது. சற்று நேரத்தில் குழந்தைவேல் நெஞ்சைப் பிடித்தபடி அவள் மடியில் சாய்ந்தார். அந்தக் குளிரிலும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"அண்ணே, வெரசா தள்ளுங்க. கரைக்குப் போயிருவோம்."

"பொறு தங்கச்சி, உத்தரவு வரட்டும்."

அழகையா கரையைப் பார்த்துக் கத்தினார். துறையில் படகுகளை இழுத்துக் கட்டுகிற சோலைமுத்துவின் குரல் பதிலுக்கு வந்தது.

"சூப்பிரண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போயிருக்காரு. மணிச் சுத்தியல் மேசைக்குள்ள பூட்டிக் கெடக்கு. நா ஓடிப்போயிக் கூட்டியாரேன்."

"அதுவரைக்கும் இவரு தாங்கணுமே," என்று காளியாயி அழுதாள்.

அழகையா துடுப்பைத் தொட்டார். முன்னால் மஞ்சுக்குள் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. மிதிபடகு. எவ்வளவு தூரத்தில் என்று தெரியவில்லை. போன வருஷம் இப்படித்தான் ஒருவன் அவசரப்பட்டு இடித்து, ஒரு பிள்ளை தண்ணீரோடு போனது. கையை எடுத்துவிட்டார். பாவி மனுஷன், வேறென்ன செய்வார்? விசிலை ஊதினார். ஊத ஊத அவருக்கே அழுகை வந்தது. யாராவது அந்த மணியை அடித்துத் தொலையக் கூடாதா என்று புலம்பினார்.

குழந்தைவேல் தண்ணீர் கேட்டார். காளியாயி ஏரித் தண்ணீரைக் கையில் அள்ளி ஊற்றினாள். பாதி உள்ளே போனது, பாதி வழிந்தது. அப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை.

கடைசியில் மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அழகையா பாய்ந்து துடுப்புகளைப் பிடித்தார்.

"தங்கச்சி, உத்தரவு வந்திருச்சு. ரெண்டே நிமிசம்."

காளியாயி புருஷனின் கண்களை விரலால் மூடிவிட்டு, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இனி வெரசாப் போயி என்ன சோலிண்ணே? அங்கிட்டுப் பிள்ளைக இருக்குக. மஞ்சு விலகட்டும்."