கால் படாத இருபது மீற்றர்

வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகிற தெரு கடலுக்கு நடுவே ஓடுகிறது. அந்தத் தெருவின் நடுப்பகுதியில் ஓர் இரும்புத் தூணை நாட்டி, அதில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். பெட்டிக்கு ஒரு கண் உண்டு. தெருவோரமாகப் போகும் சனத்தை எண்ணுவது அதன் வேலை. ஒரு மாதம் எண்ணிவிட்டு அது ஒரு முடிவுக்கு வந்தது. புங்குடுதீவின் மறுகரையில் இருக்கும் குறிகட்டுவான் படகுத்துறைக்குக் காலையில் சராசரியாகப் பதினெட்டுச் சைக்கிள்கள் போகின்றன. நாற்பத்தைந்து பேர் நடந்து போகிறார்கள்.

நாலு கிலோமீற்றர் தெரு. ஒரு மரம் இல்லை. அதை விடியக்காலையில் நடந்து கடக்க ஆசைப்படும் நாற்பத்தைந்து பேர் தீவுப்பகுதியில் எங்கே குடியிருக்கிறார்கள் என்று வீதி அலுவலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. பெட்டி வெளிநாட்டிலிருந்து வந்தது. விருந்தாளியைக் குறுக்குக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் கிருசாந்தி அக்கா போட்ட ஒரு கடிதத்தால் வந்தது. அவர் நயினாதீவில் பாலர் பாடசாலை ஆசிரியை. வேலணையிலிருந்து சைக்கிளில் துறைக்கு வந்து காலைப் படகைப் பிடிப்பவர். முதல் பஸ் துறைக்கு வந்து சேரும்போது படகு போய்விடும். இரண்டுக்கும் ஏதோ பழைய கோபம். மாசி மாதத்தில் ஒரு நாள், சுற்றுலா பஸ் ஒன்று ஓரமாக ஒதுக்கியதில் அக்கா சைக்கிளோடும் பிள்ளைகளுக்குக் காட்டும் பாடப் படங்களோடும் கடலுக்குள் போனார். முழங்கால் அளவு தண்ணீர்தான். ஆனால் அன்றைக்குப் பிள்ளைகள் படித்த யானைக்குத் தும்பிக்கை கரைந்துபோயிருந்தது. சைக்கிளுக்கென்று தனிப் பாதை வேண்டும் என்று அக்கா எழுதினார். காலையில் ஐம்பது சைக்கிளாவது போனால் பாதை போடலாம் என்று அலுவலகம் பதில் எழுதியது. பெட்டியோ பதினெட்டு என்றது.

பெட்டி சொல்வது சரியா என்று மூன்று நாள் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஏதாவது ஒரு நாளில் கைக்கணக்குக்கும் பெட்டிக்கணக்குக்கும் இடையில் நூற்றுக்குப் பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், பெட்டியை விட்டுவிட்டு அந்த நாளின் கைக்கணக்கையே எடுக்க வேண்டும். இந்த வேலைக்கு என்னை அனுப்பினார்கள். நான் பல்கலைக்கழகத்திலிருந்து ஆறு மாதப் பயிற்சிக்கு வந்தவன். அலுவலகத்தில் எனக்கென்று ஒரு கதிரை இருந்தது. அதன் மூன்று கால்கள் நம்பகமானவை.

"பெரிய வேலையில்லை, தேனுஜன்," என்றார் பொறியியலாளர் தயாபரன். பெட்டியை வாங்கச் சொல்லி முதலில் எழுதியவர் அவர். "மூண்டு நாள் எண்ணிப்போட்டு, சரியெண்டு ஒரு கையெழுத்து வையும்."

ஆடி மாதம். சோழகக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும் காலம். குறிகட்டுவானுக்குப் போகிறவர்களுக்கு அது நேர் முகத்தில் அடிக்கும். முதல் நாள் காலை ஐந்தரைக்குத் தூணுக்கு எதிரே குந்தினேன். கையில் படிவம், அதில் இரண்டு கட்டங்கள்: சைக்கிள், நடப்பவர். பெட்டி எண்ணும் ஒவ்வோர் ஆளும் என் போனில் ஒரு வரியாக விழும்.

ஆறு மணி வரைக்கும் காற்று இல்லை. பதினெட்டுப் பேர் சைக்கிளில் போனார்கள். பெட்டி பதினெட்டையும் பிடித்தது. பிறகு காற்று எழும்பியது. அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும், ஒருவர் விடாமல், சைக்கிளை விட்டு இறங்கித் தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள். போனில் வரிசையாக விழுந்தது: நடப்பவர், நடப்பவர், நடப்பவர்.

கிருசாந்தி அக்கா பின் கரியரில் படச்சுருள்களைக் கட்டியபடி தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்ன தம்பி எண்ணுறீர்?"

"சைக்கிள், அக்கா."

"அப்ப என்னை எதுக்குள்ள போட்டனீர்?"

"அதைத்தான் யோசிக்கிறன். ஏன் அக்கா இறங்கித் தள்ளுறியள்?"

"உந்தக் காத்துக்கு ஏறி உழக்கினாலும் இதே நேரந்தான், தள்ளினாலும் இதே நேரந்தான். தள்ளினால் சீலையாவது மிஞ்சும்." அவர் தூணை நிமிர்ந்து பார்த்தார். "பதினெட்டெண்டு சொன்னது உவரோ?"

"ஓம். ஆள் வேகமாப் போனால் சைக்கிள், மெல்லமாப் போனால் நடை. உவருக்கு அவ்வளவுதான் தெரியும்."

இரண்டையும் மூன்றையும் கூட்டி நாலு என்று சொன்ன பிள்ளையைப் பார்ப்பதுபோல அக்கா பெட்டியைப் பார்த்தார். பிறகு படகுக்கு நேரமாகிறது என்று தள்ளிக்கொண்டு போனார்.

சனம் ஓய்ந்த பிறகு துறைக்குப் போனேன். அங்கே வல்லிபுரம் அண்ணை சைக்கிள்களைக் காவல் காக்கும் ஒரு தகரக் கொட்டகை வைத்திருக்கிறார். எண்ணிப் பார்த்தேன். அறுபத்துமூன்று சைக்கிள்கள் நின்றன.

"பெட்டி பதினெட்டெண்டெல்லோ சொல்லுது, அண்ணை."

"அப்ப மிச்சம் நீந்தி வந்ததாக்கும்," என்றார் வல்லிபுரம் அண்ணை. "அதுதான் செயினெல்லாம் உப்புத்தண்ணியில கறள் பிடிச்சுக் கிடக்கு."

பின்னேரம் இதைத் தயாபரன் சேரிடம் சொன்னேன். அவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"சைக்கிளைத் தள்ளுறவர் என்ன செய்யிறார்?"

"நடக்கிறார், சேர். ஆனால்..."

"குடையோட நடக்கிறவரை நீர் குடையெண்டு எழுதுவீரோ?"

"இல்லை, சேர்."

"கால் நிலத்தில பட்டால் நடை. படாட்டில் சைக்கிள். அப்பிடிப் பாத்தால் உம்மட கணக்கும் பதினெட்டு, பெட்டியின்ர கணக்கும் பதினெட்டு. நூறு வீதம் சரி." அவர் பேனையை நீட்டினார். "வையும்."

உலகத்திலேயே பிழை விடாத பெட்டி எங்களுடைய தெருவில்தான் நிற்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. ஆனாலும் பேனையை வாங்கக் கை போகவில்லை. அறுபத்துமூன்று சைக்கிளை என் கண்ணால் எண்ணியிருந்தேன். எண்ணியதை எண்ணவில்லை என்று எழுதுவதற்குப் பயிற்சி தேவையில்லை; அதை வீட்டில் இருந்தே செய்திருக்கலாம்.

"இன்னும் ரெண்டு நாள் கிடக்குத்தானே, சேர். முடிச்சிட்டே வைக்கிறன்."

"நாளைக்கு நான் வந்து பாக்கிறன்," என்றார் சேர். அது பயமுறுத்தலா உதவியா என்று முகத்தில் தெரியவில்லை.

இரண்டாம் நாள் நான் போய்ச் சேரும் முன்னரே போனில் சைக்கிள் விழத் தொடங்கியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. போய்ப் பார்த்தால் வல்லிபுரம் அண்ணை. காற்று எழும்ப முன்னர் தூணைக் கடந்து போவார், ஒரு சுற்றுச் சுற்றி அந்தப் பக்கத்தால் திரும்பி வருவார், மறுபடி கடப்பார். பதினோராவது தடவை கையைக் காட்டி மறித்தேன்.

"அண்ணை, என்ன இது?"

"ஐம்பது வேணுமெண்டுதானே சொன்னவை? இன்னும் கொஞ்சந்தான் கிடக்கு, விடும்."

"வெட்டப்போறன், அண்ணை. ஒராள் ஒருக்காத்தான். நீங்கள் துறையில இருக்கிற ஆள், அந்த ஒருக்காவும் இல்லை."

"பதினொண்டையுமோ?"

"பதினொண்டையும்."

"நீர் எங்கட பக்கமோ பெட்டியின்ர பக்கமோ?"

"நான் எண்ணுற பக்கம். உங்கட பதினொண்டையும் சேத்தால், அக்காவின்ர ஒண்டையும் பொய்யெண்டுதான் சொல்லுவினம்."

அவர் சைக்கிளைத் தூணில் சாத்திவிட்டு, கடலைப் பார்த்தபடி நின்றார். நான் பதினொரு வரிகளையும் வெட்டினேன்.

ஆறரைக்குச் சேரின் ஜீப் வந்தது. காற்று நல்லாக எழும்பியிருந்தது. ஜீப் கதவைத் திறக்கவே அவருக்கு இரண்டு கையும் தேவைப்பட்டன. அன்றைக்கும் காற்றுக்கு முன்னர் பதினெட்டுப் பேர்தான் ஏறிப் போயிருந்தார்கள். மற்றவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள்.

"பாத்தீரே?" என்றார் சேர். "நடை."

"சேர், கால் படாமல் போனால் பெட்டி சைக்கிளெண்டு எழுதவேணும், என்ன?"

"கட்டாயம்."

"இந்தக் காத்துக்குள்ள ஒருத்தரும் ஏறிப் போறேல்லை, சோதிக்க ஆளில்லை. நீங்கள் ஒருக்காப் போய்க் காட்டுவீங்களோ? எழுதினால் இப்பவே கையெழுத்து வைக்கிறன்."

சேர் பள்ளிக்கூடக் காலத்தில் சைக்கிள் ஓட்டத்தில் இரண்டாம் இடம் எடுத்தவர். இது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் சொல்லித்தான் தெரியும். காற்சட்டைக் காலை மடித்துக்கொண்டு வல்லிபுரம் அண்ணையின் சைக்கிளில் ஏறினார்.

முதல் பத்து மீற்றரில் அவர் போட்டிருந்த சேட் காற்றில் கப்பல் பாய்போல விரிந்தது. அடுத்த பத்தில் அவர் சைக்கிள் சீற்றை விட்டெழும்பி, நின்று உழக்கினார். சைக்கிள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்தது. பக்கத்தில் சைக்கிள் தள்ளிக்கொண்டு வந்த ஒரு மீன்காரர் அவரை முந்திக்கொண்டு போனார். சேர் காலைக் கீழே வைக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, வைக்கவில்லை. தூணைக் கடந்து, இன்னும் பத்து மீற்றர் போய்த்தான் இறங்கினார்.

நான் போனை நீட்டினேன். நடப்பவர்.

அவர் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "நான் கால் வைக்கேல்லை."

"ஓம், சேர். நான் பாத்தனான்."

மூச்சு வாங்கி முடிந்ததும் அவருக்குள் இருந்த பொறியியலாளர் திரும்பி வந்தார். "ஒரு பிழை. பத்தொன்பதில ஒண்டு. பத்து வீதத்துக்குள்ளதான் வருது."

கிருசாந்தி அக்கா பின்னால் தள்ளிக்கொண்டு வந்து நின்றது எங்கள் இருவருக்கும் தெரியாது.

"சேர், அப்ப கால் படாமல் போனால் நாங்களும் சைக்கிளோ?"

"சட்டப்படி ஓம்."

"உங்களைப் போல மெல்லமாப் போனாலும்?"

சேருக்கு இன்னும் வியர்த்துக்கொண்டிருந்தது. "மெல்லமாப் போனாலும் சைக்கிள் சைக்கிள்தான்," என்றார். அதைச் சட்டத்துக்காகச் சொன்னதாக எனக்குப் படவில்லை.

"நல்லது," என்று அக்கா சைக்கிளைத் தள்ளத் தொடங்கினார். "நாளைக்குச் சீலையில்லை, சுடிதார்."

மூன்றாம் நாள், தூணுக்கு முன்னுக்குப் பத்து மீற்றரிலும் பின்னுக்குப் பத்து மீற்றரிலும் சுண்ணாம்பால் கோடு போட்டேன். அக்கா மூலமாகப் படகுச் சனத்துக்கு நான் சொல்லிவிட்டிருந்தது இவ்வளவுதான்: வழமையாகப் போகிறவர்கள் மட்டும், வழமையான நேரம், ஒருவர் ஒரு தடவை. இரண்டு கோட்டுக்கும் இடையில் கால் பட்டால் நடை. சேரும் வந்திருந்தார். வருபவர்களின் வலக்காலை நான் பார்ப்பது, இடக்காலை அவர் பார்ப்பது என்று பிரித்துக்கொண்டோம். அரசாங்க வேலையில் இவ்வளவு நேர்த்தியான பொறுப்புப் பங்கீட்டை நான் அதற்குப் பிறகு காணவில்லை.

காற்றுக்கு முன்னர் பதினாறு பேர் போனார்கள். பெட்டியும் பதினாறு என்றது. பிறகு சோழகம் வந்தது. நேற்றையதைவிட மோசம். அலை கல்லில் அடித்துத் தெருவுக்கு மேலே தூறியது.

தள்ளிக்கொண்டு வந்த சனம் முதல் கோட்டுக்கு முன்னால் நின்று, ஏறி, உழக்கத் தொடங்கியது. கொட்டகையைப் பூட்டிவிட்டு வந்த வல்லிபுரம் அண்ணை கோட்டடியில் நின்றார்.

"நெஞ்சைச் சைக்கிள் கான்டிலில வையுங்கோ. கடலைப் பாக்காதேங்கோ. அடியேய், மணியை ஏன் அடிக்கிறாய், முன்னுக்கு ஒருத்தரும் இல்லை, உழக்கு."

மீன்பெட்டி கட்டியவர் போனார். அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர் ஒருவர் கழுத்துப்பட்டி முதுகுக்குப் பின்னால் பறக்கப் போனார். நெடுந்தீவு ஆஸ்பத்திரித் தாதியர் இரண்டு பேர் ஒருவருக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்து போனார்கள். எல்லோரும் ஆமை வேகம். எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு. போனில் ஒவ்வொருவராக விழுந்தார்கள்: நடப்பவர், நடப்பவர், நடப்பவர். சேர் இடையிடையே "பட்டது" என்பார். நான் நடை என்று போடுவேன். எட்டுப் பேருக்குக் கால் பட்டது. ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை, மூச்சு இருந்தால்தானே.

கடைசியாகக் கிருசாந்தி அக்கா. சுடிதார்தான். ஆனால் படச்சுருள்களை வீட்டில் விட்டு வரவில்லை. அன்றைக்குப் பாடம் இருந்தது. தூணை நல்லபடியாகக் கடந்தார். இரண்டாம் கோட்டுக்கு மூன்று மீற்றர் இருக்கையில் கட்டு அவிழ்ந்து ஒரு படம் விரிந்தது. காற்று அதைப் பிடித்து இழுத்தது. சைக்கிள் சரிந்தது. இடக்கால் ஒரு கணம் கீழே போய் மேலே வந்தது. அவர் விடாமல் உழக்கிக் கோட்டைத் தாண்டினார்.

நான் சேரைப் பார்த்தேன். இடக்கால் அவருடைய பொறுப்பு.

சேர் கடலைப் பார்த்தார். "எனக்குச் சரியாத் தெரியேல்லை," என்றார்.

"பட்டது, சேர்." அக்கா இறங்கி நின்று மூச்சு வாங்கினார். "நடையெண்டு போடுங்கோ. பிறகு அந்த ஒண்டைச் சொல்லி எல்லாத்தையும் பிழையெண்டிடுவினம்."

போட்டேன். வல்லிபுரம் அண்ணை ஓடிப்போய் பறந்து தூணில் மாட்டியிருந்த படத்தை எடுத்து வந்தார். புது யானை. தும்பிக்கை இருந்தது.

"எத்தினை, தம்பி?" என்றார் அக்கா.

இரண்டு தரம் கூட்டினேன். காற்றுக்கு முன்னர் பதினாறு, பிறகு முப்பத்தேழு.

"ஐம்பத்துமூண்டு."

"என்னோடயோ?"

"நீங்கள் இல்லாமல். உங்களோட நடை ஒன்பது."

"கடிதம் எழுதின ஆள் நடை," என்றார் வல்லிபுரம் அண்ணை.

அக்கா சிரித்துக்கொண்டே படத்தைச் சுருட்டிக் கட்டினார். "படகு போகப்போகுது," என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒரு கையால் சுருளைப் பிடித்தபடி, குனிந்து போனார்.

பெட்டியின் கணக்கு பதினாறு. கைக்கணக்கு ஐம்பத்துமூன்று. வித்தியாசத்தை வீதமாக மாற்றிப் பார்க்கச் சேர் விரும்பவில்லை. ஜீப்பின் மூக்கில் படிவத்தை வைத்து, பறக்காமல் முழங்கையால் அமத்திக்கொண்டு எழுதினார்: கருவி காற்றில் செல்லும் சைக்கிளை அடையாளம் காணவில்லை. கைக்கணக்கு செல்லும். பாதைக்குப் பரிந்துரைக்கிறேன். கையெழுத்து வைத்தார். எனக்கும் பேனையை நீட்டினார். இந்தமுறை வாங்கினேன்.

ஜீப்பில் ஏறப் போனவர் திரும்பி வந்தார்.

"தேனுஜன், நேற்றையத் தாள் கையில இருக்கோ?"

"இருக்கு, சேர்."

"அதில என்னை என்னெண்டு போட்டனீர்?"

"சைக்கிள், சேர்."

"பெட்டி நடையெண்டு சொன்னாப் பிறகும்?"

"ஓம், சேர்."

அவர் தாளை வாங்கி, அந்த வரியைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"அதைத் தொலைச்சுப் போடாதையும்," என்றார்.