ரகசியமாக வைக்கப்படும்

ஏழு ஊர்களில் ஏழு பேர். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கும் அந்த நிறுவனத்துக்கு அலுவலகம் என்றால் கணினித் திரைதான். அங்கே ஊழியர்களுக்குள் நம்பிக்கை போதவில்லை என்று மேலாளர் ஒருநாள் கண்டுபிடித்தார்.

"மனசுல இருக்கிறதைத் திறந்து சொல்லுங்க. நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்று கூட்டத்தில் ஆரம்பித்தார். முதலில் தன் மனதையே திறந்தார். சின்ன வயதில் கரப்பான்பூச்சி என்றால் பயமாம். பெரிய தியாகம் செய்தவர் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார். திரை முழுக்க இதயங்கள் பறந்தன. அடுத்து, செலவு மதிப்பீடு போடும் அம்மாள் தன் பூனை செத்ததைச் சொல்லி விம்மினார். போன வருடக் கூட்டத்திலும் இதே பூனைதான் செத்தது.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த வரைபடக்காரி, தன் பக்கத்து ஒலியை அடைத்துவிட்டுக் கொட்டாவி விட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கா அழறது?"

"நம்பிக்கை வளருதுடி. கண்டுக்காத."

வரைபடங்களைச் சரிபார்ப்பவர் முறை வந்தது. எதற்கும் வாய் திறக்காததால் ஊமைக்கோட்டான் என்று அவருக்குப் பெயர். "சொல்ற மாதிரி ஒண்ணுமில்ல சார்" என்றார். மேலாளரின் முகம் சுண்டிவிட்டது.

மறுநாள் ஒரு படிவம் வந்தது. 'நீங்கள் மிகவும் நம்பும் சக ஊழியர் யார்? காரணம் என்ன? பதில்கள் ரகசியமாக வைக்கப்படும்.' யாருமே குறிப்பிடாத ஆளுக்கு மூன்று நாள் பயிற்சியாம். அது யாருக்கு என்று சொல்லவே வேண்டாம்.

வரைபடக்காரிக்கு மனம் கேட்கவில்லை. சரிபார்ப்பவர் பெயரைப் போட்டு, நடந்ததை எழுதினாள். போன மாதம் ஒரு பள்ளிக்கூட வரைபடத்தில், பதினெட்டுப் படிகள் வரவேண்டிய இடத்தில் பதினேழு போட்டுவிட்டாள். கட்டியிருந்தால் கடைசிப் படி மட்டும் உயரமாகிப் பிள்ளைகள் தடுக்கி விழுந்திருப்பார்கள். சரிபார்ப்பவர் அதைப் பொதுக் குழுவில் போடவில்லை. "மூணாவது தாள்ல படிய ஒரு தடவை எண்ணிப் பாருங்க" என்று அவளுக்கு மட்டும் எழுதினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேலாளர் அவள் எழுதியதை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். "இதுக்குப் பேருதான் வெளிப்படைத்தன்மை" என்றார். அதோடு விட்டாரா? அந்தத் தப்பான படத்தைத் தேடியெடுத்து, சிவப்பில் வட்டம் போட்டுத் திரையில் காட்டினார். பூனைக்காரம்மாள் ஓர் இதயத்தைப் பறக்கவிட்டார்.

கூட்டம் முடியுமுன் சரிபார்ப்பவரிடமிருந்து தனியே செய்தி வந்தது.

"இந்தாளை நம்பியா எழுதினீங்க?"

அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. "புத்தி மழுங்கிப்போச்சு. உங்களையும் இழுத்து விட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

"என்னை விடுங்க. உங்க மானத்தையில்ல வாங்கிட்டாரு."

மேலாளருக்கு ஒரே உற்சாகம். இருவரும் 'முன்மாதிரி ஜோடி' ஆனார்கள். புதன்தோறும் கால் மணி நேரம் மனம்விட்டுப் பேச வேண்டும் என்று உத்தரவு.

புதன்கிழமை இருவரும் இணைப்பில் வந்தார்கள். வணக்கம் சொல்லிவிட்டுக் கேமராவையும் ஒலியையும் அணைத்தார்கள். அவள் புது மருத்துவமனை வரைபடத்தை அனுப்பினாள். சற்று நேரத்தில் ஒரு குறிப்பு வந்தது: "கழிப்பறைக் கதவு உள்பக்கமா திறக்குது. நோயாளி உள்ள விழுந்தா திறக்க முடியாது."

அவள் கதவை வெளிப்பக்கமாகத் திருப்பிவிட்டு அடுத்த தாளை அனுப்பினாள்.