மேலே வந்தவன்

சவரிராயனும் பிச்சமுத்துவும் கிணறு தூர் வாருகிறவர்கள். திருச்சி வரகனேரியில் அடுத்தடுத்த சந்துகளில் குடியிருந்தார்கள். சவரிராயன் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், கிறிஸ்தவர். பிச்சமுத்து எந்தக் கோயிலுக்கும் போகாதவன். இருந்தாலும் கயிறு பிடிக்கிற தொழிலில் நம்பிக்கைதான் முக்கியம் என்று சவரிராயன் அவனையே கூட வைத்திருந்தார். அந்த நம்பிக்கைக்கு அவன் தகுதியானவன் இல்லை என்று அவர் மனைவி அற்புதம்மாள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். "குடிச்சாலும் மனசு நல்லவன்" என்பார்.

1957 பங்குனியில் ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு ஐயங்கார் வீட்டுக் கொல்லைக் கிணற்றைத் தூர் வாரக் கூப்பிட்டிருந்தார்கள். பல வருஷமாகப் பலகை போட்டு மூடிக் கிடந்த கிணறு. அப்படிப்பட்ட கிணற்றில் முதலில் எரிகிற விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்க வேண்டும். விளக்கு அணைந்தால் கீழே விஷக்காற்று இருக்கிறது என்று அர்த்தம். பிச்சமுத்து அன்று காலையிலேயே கள்ளச் சாராயம் குடித்திருந்தான். சவரிராயன் வாசலில் வண்டியிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தபோதே, விளக்குமில்லாமல் கயிறுமில்லாமல் படிக்கல்லைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறங்கிவிட்டான். அடிக்குப் போனதும் சுருண்டு விழுந்தான்.

சவரிராயன் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, இடுப்பில் கயிற்றோடு இறங்கினார். கீழே தன் கயிற்றை அவிழ்த்து அவனுக்குக் கட்டினார். மேலே கயிற்றைப் பிடித்திருந்த வீட்டு ஆட்கள் இழுத்தார்கள். பிச்சமுத்து மேலே வந்தான். கயிற்றைத் திரும்ப உள்ளே விட்டபோது அதைப் பிடிக்க ஆள் இல்லை.

பாலக்கரை மாதா கோயிலில் சவரிராயனுக்கு அடக்கப் பூசை நடந்தது. ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் என்பதால் பீடத்தில் பூ வைக்கவில்லை. பங்குச் சாமியார் அமிர்தராஜ் பிரசங்கத்தில், ஆண்டவர் உலகத்துக்குச் செய்ததை நம் சவரிராயன் ஒரு மனிதனுக்குச் செய்திருக்கிறார் என்றார். பெண்கள் விம்மினார்கள். அற்புதம்மாள் அழவில்லை. மடியில் ஏழு வயது லூர்துராணி தூங்கிப் போயிருந்தாள். ஐயங்கார் கல்லறை வாசல் வரை வந்து, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். அப்படியே திரும்பிப் போனார்.

அற்புதம்மாள் சுருட்டுக் கம்பெனிக்கு இலை சுருட்டப் போனாள். கூட வேலை செய்த பெண்கள், "உன் புருஷன் நேரே மோட்சத்துக்குத்தான் போயிருப்பாரு, கவலைப்படாத" என்றார்கள். அவள் தலையை ஆட்டுவாள். புகையிலை வாடையில் கண் எரிவதாகச் சொல்லி முகத்தைத் துடைத்துக்கொள்வாள்.

பிச்சமுத்து ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்து முன்னைவிட அதிகமாகக் குடித்தான். அவனை யாரும் கிணற்று வேலைக்குக் கூப்பிடவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அற்புதம்மாள் மகளோடு உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரமாக வந்துகொண்டிருந்தாள். கரையில் ஒருவன் வேட்டி நழுவ, வாயில் ஈ மொய்க்கக் கிடந்தான்.

"அம்மா, அப்பா காப்பாத்தின ஆளு" என்றாள் லூர்துராணி.

அந்தச் சொல் அற்புதம்மாளை அடித்துப் போட்டது. மகளின் கையை அவள் பிடித்து இழுத்த வேகத்தில் குழந்தையின் வளையல் உடைந்தது.

அந்த வாரமே, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். முழங்காலிட்டு, கம்பித் தட்டியின் அந்தப் பக்கம் இருந்த சாமியாரிடம் சொன்னாள்.

"அவன் செத்திருக்கணும்னு நெனைக்கிறேன் சாமி. தெனமும் நெனைக்கிறேன். கும்பிடும்போதுகூட அதுதான் வருது."

சாமியார் தட்டிக்குக் கிட்டே சாய்ந்தார். "உம் புருஷன் செஞ்சது வீணாப் போகணும்னு நெனைக்கிறியா?"

"வீணாத்தானே போயிருக்கு. வாய்க்காக் கரையில போய்ப் பாருங்க."

"நாமளும் ஆண்டவருக்கு அப்படித்தாம்மா. தகுதி பாத்து அவர் சாகல."

"அவருக்கு எந்திரிச்சு வர மூணாம் நாள் இருந்துச்சு சாமி. எம் புருஷனுக்கு எங்க இருக்கு?"

சாமியார் மெதுவாகப் பாவமன்னிப்பு ஜெபத்தைத் தொடங்கினார். அது முடியும் முன்பே அவள் எழுந்து வந்துவிட்டாள்.

அடுத்த தபசு காலத்தில் சாமியார் அவள் வீடு தேடி வந்தார். நாற்காலி இல்லாததால் பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

"பிச்சமுத்து ஞானஸ்நானம் கேக்கறான். ஆறு மாசமா உபதேசம் கத்துக்கிறான். இடையில ரெண்டு தடவ குடிச்சுட்டு வந்தான், துரத்திவிட்டேன். மறுபடி வந்து நின்னான்."

"கொடுங்க. அதுக்கு என்னை எதுக்குக் கேக்கணும்?"

"அவன் சவரிராயன்னு பேர் வைக்கச் சொல்றான்."

அற்புதம்மாள் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைத் தரையில் வைத்தாள்.

"உசுரை எடுத்துக்கிட்டான். இப்ப பேரும் வேணுமா அவனுக்கு? நாளைக்கு எம் மவ அப்பான்னு கூப்பிடணும்பானா?" குரல் உயர்ந்து பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. "அவன எங்கிட்ட அனுப்புங்க. நான் பேசிக்கிறேன்."

மறுநாள் காலை கோயில் பின்புறம், பூவரச மரத்தடியில் பிச்சமுத்து நின்றான். தலையை வாரியிருந்தான். சட்டை துவைத்ததாக இருந்தது. அவளைப் பார்த்ததும் கை தானாகக் குவிந்தது.

"அண்ணி..."

"அண்ணின்னு கூப்பிடாத. அந்தப் பேர் எதுக்கு உனக்கு?"

அவன் தரையைப் பார்த்தான். "தெருவுல போனா எல்லாரும் என்னை எடை போட்டுப் பாக்கறாங்க. இவனுக்காகவா அந்த மனுஷன் செத்தாருன்னு. அவர் பேரு இருந்தா, அவர் முழுசா சாகலேன்னு ஆயிடுமேன்னு நெனைச்சேன்."

"நானும்தான் எடை போடறேன்" என்றாள் அற்புதம்மாள். "கீழ என்ன நடந்துச்சு? மயக்கத்துல இருந்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்க. எங்கிட்ட உண்மையச் சொல்லு."

கோயில் கிணற்றில் யாரோ ராட்டினத்தை இழுக்கிற சத்தம் கேட்டது.

"அரை மயக்கம். காது கேட்டுச்சு. சாமியாரு சொன்ன மாதிரியெல்லாம் இல்ல. என்னைத் திட்டினாரு. பாவிப்பயலே, குடிகாரப்பயலே, எம் புள்ளைய அனாதை ஆக்கிட்டியேடான்னு திட்டிக்கிட்டே முடிச்சுப் போட்டாரு. அவருக்குக் கை நடுங்குச்சு. ஒரு தடவ முடிச்சை அவுத்துத் தன் இடுப்புல கட்டிக்கிட்டாரு. அப்புறம் மறுபடி அவுத்து எனக்குக் கட்டினாரு. அழுதாரு. சீக்கிரம் இழுங்கடா, எனக்கு மூச்சு முட்டுதுன்னு கத்தினாரு. திரும்பி வந்துடலாம்னுதான் இருந்தாரு."

அற்புதம்மாள் மரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். ஒரு வருஷமாக எல்லோரும் அவளுக்குக் கொடுத்த சவரிராயன் ஒரு கோயில் சுரூபம், புனிதர் சிலை. பயப்படாதவர், அமைதியாக உயிரைக் கொடுத்தவர். அவளோடு பதினோரு வருஷம் குடும்பம் நடத்திய மனிதனுக்கும் அந்தச் சுரூபத்துக்கும் சம்பந்தமே இருக்கவில்லை. இதோ இப்போதுதான் அவர் வந்தார். திட்டிக்கொண்டும், நடுங்கிக்கொண்டும், மகளை நினைத்து அழுதுகொண்டும். அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, அடக்கத்தன்று வராத அழுகையை அழுதாள். பிச்சமுத்து கிட்டே வரவும் துணியாமல், போகவும் துணியாமல் நின்றான்.

பிறகு சாமியாரிடம் போய் அதை அப்படியே சொன்னாள். "விரும்பிச் சாகலேன்னா அது பலியா சாமி?"

"ஆண்டவரும் சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்துல, வேர்வை ரத்தமா வடிய, இது வேண்டாமேன்னுதான் அழுதாரு. அழுதுக்கிட்டே போனாரு." சாமியார் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அன்னைக்குப் பிரசங்கத்துல நான் அதைச் சொல்லியிருக்கணும்."

அற்புதம்மாளுக்கு ஆறுதல் வரவில்லை. ஆனால் கோபத்துக்கு இப்போது ஒரு உருவம் இருந்தது. முடிச்சை அவிழ்த்துத் தனக்குக் கட்டி, மறுபடி அவிழ்த்த அந்த இரண்டு கைகளை அவளால் பார்க்க முடிந்தது. அந்தக் கைகள் தெரிந்துதான் செய்தன. அதை இல்லையென்று சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

கோயிலைவிட்டு வரும்போது பிச்சமுத்து இன்னும் மரத்தடியிலேயே இருந்தான்.

"லாசர்னு வெச்சுக்க" என்றாள்.

"அது யாரு?"

"செத்துக் கல்லறையில கெடந்தவரு. ஆண்டவர் வெளிய கூப்பிட்டாரு. வெளிய வந்த பின்னாடி அவர் எப்படி இருந்தாருன்னு உபதேசத்துல யாரும் சொல்லித் தரல. நீயே பாத்துக்க."

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, காலைப் பூசை முடிந்ததும் ஞானஸ்நானம். அவனுக்குப் பொறுப்பேற்று ஞானத்தகப்பனாக நிற்க இரண்டு பேரைக் கேட்டிருந்தார் சாமியார். குடிகாரனுக்கு யார் நிற்பது என்று இருவரும் நழுவிவிட்டார்கள். கோயில் வாசற்படியில் பிச்சமுத்து தனியாக நின்றான். சாமியார் கூட்டத்தைப் பார்த்தார். பெஞ்சுகளிலிருந்து ஒருவரும் எழவில்லை.

அற்புதம்மாள் மகளைப் பக்கத்துப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நடுப்பாதை வழியாக வாசலுக்கு நடந்தாள். பிச்சமுத்துவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

ஞானஸ்நானத் தொட்டியருகே அவன் குனிந்தபோது ஞானத்தாய் அவன் தோளைத் தொட வேண்டும். அவள் கை அந்தரத்தில் கொஞ்சம் தயங்கியது. தொட்டாள். சட்டைக்குக் கீழே எலும்பு தட்டுப்பட்டது. அந்த உடம்பு சூடாக இருந்தது. தலையில் தண்ணீர் விழுந்தபோது உதறியது. மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. அது அவள் புருஷனுடைய மூச்சு இல்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் அது இல்லை. கையை எடுத்துவிடலாம் போலிருந்தது. சடங்கு முடியும்வரை எடுக்கவில்லை.

வெளியே வந்ததும் அவன் அவளுக்குப் பின்னாலேயே வந்தான். வரகனேரி முக்கில் அவள் நின்றாள்.

"கம்பெனியில மூட்டை தூக்க ஆள் வேணுமாம். நாளைக்குக் காலையில வா, மேஸ்திரிகிட்ட சொல்றேன்."

"சரிங்க."

"குடிச்சுட்டு வந்தா நானே செருப்பால அடிப்பேன்."

"சரிங்க."

அவன் திருந்திவிட்டான் என்று சொன்னால் பொய். ஆனி மாதமே குடித்தான், தீபாவளிக்கும் குடித்தான். அவள் சொன்னபடியே கம்பெனி வாசலில் எல்லோரும் பார்க்கச் செருப்பால் அடித்தாள். மறுநாள் காலையில், வீங்கிய கன்னத்தோடு, அவன் வேலைக்கு வந்தான். அவள் இலையிலிருந்து தலை நிமிர்ந்து, வந்துவிட்டானா என்று பார்த்துக்கொண்டாள்.