நான்காம் பக்கம்

…குறைந்திருக்க வேண்டும், ஒரு மில்லிகிராமாவது குறைந்திருக்க வேண்டும் என்று தராசையே முறைத்துக்கொண்டிருந்தாள் தனூத்தா. முப்பது நாள் சூடான கந்தக அமிலத்தில் தொங்கிய அந்த டைட்டானியச் சில்லு புத்தம்புதிதாக மினுக்குகிறது, எடை அப்படியே இருக்கிறது... பதினொரு மணிக்குக் கூட்டம், தாமிரத் தாதுவைக் கரைக்கும் அழுத்தக் கலனை எதில் செய்வது என்று முடிவாகிவிடும், ஈயமும் செங்கல்லும் பதித்த எஃகு என்று இவள் சொன்னதுதான் இருபது வருடமாகப் போலந்தில் லெக்னிட்சா நகரின் இந்த ஆய்வுக்கூடத்தில் வேதவாக்கு, வந்து இரண்டே வருடமான ஷிமோன் டைட்டானியம் என்கிறான், உடனே எல்லோருக்கும் டைட்டானியம் இனிக்கிறது. அதென்ன, இவள் பேசும்போது கடிகாரம் பார்க்கிற இயக்குநர் அவன் பேசினால் மட்டும் குறிப்பெடுக்கிறார்? காலையில் தன் பெயர்கொண்ட புனிதரின் திருநாள் என்று கசகசா கேக் கொண்டுவந்தான், "நீங்க மொதல்ல எடுங்க பானி தனூத்தா" என்று, அம்மணி என்கிற மரியாதை குறையாமல், பெரிய துண்டாக நீட்டினான், இயக்குநர் வாய் நிறைய கேக்கோடு "பய கலக்குறான்ல, தனூத்தா?" என்றார், ஆமாம் என்று சிரித்துவைத்தாள், வயிறு எரிந்தது, கேக் நன்றாக இருந்தது இன்னும் எரிச்சல்...

அப்போதுதான் பொறி தட்டியது. சில்லு தொங்கியது தாது கரைந்த அமிலத்தில் அல்லவா? அதில் தாமிரம் இருக்கிறது, தாமிரம் இருக்கும்வரை டைட்டானியத்துக்குக் காவல், ஆனால் கலனை முதல் நாள் சூடேற்றும்போது வெறும் அமிலத்தைத்தானே ஊற்றுவார்கள், அது டைட்டானியத்தைத் தின்றுவிடும், சுவர் மெலிந்து, அந்த அழுத்தத்தில்... பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள். இளவயதில் இவளே செய்த தப்பு, சோதனைக் கலன் ஓட்டையானது, நல்லவேளை அருகில் யாரும் இல்லை. மாட்டிக்கொண்டாயா ஷிமோன், எல்லோர் முன்னாலும் கேட்கிறேன் பார்... கால் தரையில் பாவவில்லை, ஆட்கள் தப்பித்தார்கள் என்றா இத்தனை சந்தோஷம்? எதற்காக இருந்தால் என்ன. எங்கே கோட்டைவிட்டிருக்கிறான் என்று அவன் அறிக்கையைப் புரட்டினாள், நான்காம் பக்கத்தில் இருந்தது, வெறும் அமிலத்தைச் சூடேற்றக் கூடாது, முதலிலேயே தாமிர உப்பைக் கரைக்க வேண்டும், காண்க... அடுத்து இவள் பெயர், ஓட்டையான அந்தக் கலனைப் பற்றி இவள் எழுதிய, யாருமே படிக்கவில்லை என்று நினைத்திருந்த பழைய அறிக்கை. "எடை எப்படி இருக்கு, பானி தனூத்தா?" கதவருகே ஷிமோன். "குறையல." "நாலாம் பக்கம் பாத்தீங்களா? அது உங்க புண்ணியம்தான்." படித்திருக்கிறான், ஒருவனாவது படித்திருக்கிறான், மனது குளிர வேண்டாமா... இவன் மட்டும் தப்பு செய்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்றுதான் தோன்றியது, கை பாட்டுக்குச் சில்லை எடுத்து மறுபடியும் தராசில் வைத்தது.