ஊறாத சீலை

இறால் ஓட்டைக் காய்ச்சிக் கரைத்து, மின்சாரத்தால் இழுத்தால் கண்ணுக்கே தெரியாத நூல் வரும். அது உருளையில் படிந்து படிந்து வெள்ளைச் சவ்வாகும். நாங்கள் சீலை என்போம். எங்கள் தெருக் கிணற்றில் கலந்த சாய நஞ்சை அது பிடித்துக்கொள்ளும். பட்டறையில் உருளை என் பொறுப்பு, ரசாயனம் அக்கா பொறுப்பு. நூற்ற சீலையை அவள் சலவைச் சோடா கரைத்த நீரில் ஊறவைத்து, உலர்த்தி, மறுபடி உருளையில் சுற்றிவிடுவாள். ஊறாத சீலையில் தண்ணீர் பட்டால் கஞ்சிதான்.

அன்று காலை தெருவே கூடிச் சோதனை பார்க்கவிருந்தது. சீலை தேறினால் தண்ணீர் லாரிக்காரன் பிழைப்பில் மண். முன்பே ஒருமுறை வந்து மிரட்டிவிட்டுப் போனவன், சும்மா இருப்பானா? விடிந்தும் விடியாததுமாக இரண்டு தடியன்களோடு கதவை உடைத்துக்கொண்டு வந்தான்.

"எங்கடா அந்தத் துணி?"

"தொட்டுப் பாருடா, கைய ஒடிச்சிடுவேன்!"

முதல் குத்து என் வாயில் விழுந்தது. பல் தெறித்தது. கையில் கிடைத்த இரும்புக் கம்பியால் ஒரு தடியன் மண்டையைப் பிளந்தேன். இன்னொருவன் என்னைக் கீழே தள்ளி, பூட்ஸ் காலால் வலது கை விரல்களை நசுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அப்போதும் இடது கையால் பிடித்திருந்த உருளையை விடவில்லை.

மூலையிலிருந்து அக்கா கத்தினாள். "குடுத்துத் தொலைடா!"

அடிப்பாவி! எத்தனை வருட உழைப்பு! அடியைவிட அதுதான் எனக்கு வலித்தது.

லாரிக்காரன் சீலையை உருவி வாளித் தண்ணீரில் அமுக்கினான். கொழகொழவென்று கரைந்தது.

"இந்தச் சளியா என் பொழப்பக் கெடுக்கப் போவுது?"

வயிறு குலுங்கச் சிரித்து, என் விலாவில் ஓர் உதை விட்டுக் கிளம்பினான்.

லாரிச் சத்தம் ஓய்ந்ததும் அக்கா கழுவுதொட்டிக்கு அடியிலிருந்து ஒரு தட்டை இழுத்தாள். சோடா நீரில் ஊறி முடித்த சீலை முழுசாகக் கிடந்தது. லாரிக்காரன் மிரட்டிய அன்றே, இதை இங்கே ஒளித்துவிட்டு, ஊறாத வேறொன்றை உருளையில் விட்டுவைத்தாளாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நீ இப்படி அடிச்சிருப்பியா? உனக்கு நடிக்க வராதுடா. அவன் நம்பியிருக்க மாட்டான்."

ஆத்திரத்தில் அறையக் கை ஓங்கினேன். விரல்கள் கோணிக்கொண்டு தொங்கின. அதைப் பார்த்து அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் கன்னத்தை நீட்டினாள்.

"அடி. அடிச்சிட்டுத் தட்டத் தூக்கு. எல்லாரும் வந்துட்டாங்க."

நல்ல கையால் தட்டைத் தூக்கினேன்.