கண்ணாடி அறைக்கு வெளியே நூற்றுப் பன்னிரண்டு பேர்

உள்ளே யானை பிளிறினால்கூட வெளியே கேட்காது என்று சத்தியம் செய்துதான் அந்தக் கண்ணாடி அறையைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் மூன்றாவது மாடியில், இழப்பீட்டுப் பிரிவின் நட்டநடுவே, மீன்தொட்டி மாதிரி அது நின்றது. மூன்று வாரமாக அதற்குள்தான் சர்வே மேடம் எம்.டி.யோடு உலக மகா ரகசியம் ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தாள்.

சர்வே மேடம் என்பது பிரிவின் நூற்றுப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து சூட்டிய பெயர். மனிதவளத் தலைவியாக வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அதற்குள் இருபத்தொரு கேள்வித்தாள் அனுப்பியிருந்தாள். 'இன்று எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்? ஒன்றிலிருந்து பத்துக்குள் குறிக்கவும்.' எல்லோரும் ஏழு என்றே குறித்தார்கள். ஆறு போட்டால் கூப்பிட்டுக் காரணம் கேட்பாள். எட்டு போட்டால் கூப்பிட்டுப் பாராட்டுவாள். இரண்டுக்கும் அரை மணி நேரம் பிடிக்கும்.

ரகசியம் இதுதான். அடுத்த மாதத்திலிருந்து யாருக்கும் சொந்த மேசை கிடையாது. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. இரண்டு நாள் அலுவலகம் வந்து, காலியாக இருக்கிற இடத்தில் உட்கார வேண்டியது. பாதி மாடி வேறு பிரிவுக்குப் போய்விடும். "இதனால ஒருத்தர் வேலையை விட்டுட்டுப் போனாலும், அடுத்து லிஃப்ட்ல இறங்கறது நீங்கதான்" என்று எம்.டி. சொல்லிவிட்டார். இவளுக்கு முன்னால் அந்தப் பதவியில் இருந்த இரண்டு பேரும் அப்படி இறங்கிப் போனவர்கள்தான்.

எம்.டி. சொன்னதாக அவள் ஊகித்தாள் என்பதே சரி. அவருடைய மீசை மூக்கின் கீழே புறப்பட்டு, இரண்டு உதடுகளையும் கடந்து, தாடையில் போய் இளைப்பாறும். பேச்சு அதற்குள் புகுந்து வடிகட்டி வெளியே வருவதற்குள் பாதி வார்த்தை தொலைந்துவிடும்.

விஷயத்தை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. மேசைகளின் மேலிருந்த குழந்தைகளின் படங்களைக் காணவில்லை. பூந்தொட்டிகளைக் காணவில்லை. ஒரு டிராயரை இழுத்துப் பார்த்தாள், துடைத்துவிட்டதுபோல் காலி. இன்னொன்று, அதுவும் காலி. போதாததற்கு ஆளாளுக்கு இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன எல்லாரும் மாறி உக்காந்திருக்கீங்க?"

"சும்மாதான் மேடம். கொஞ்சம் காத்து மாறட்டும்னு."

அவள் கண்ணாடி அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு, கால்நடை மருத்துவரான கணவனை போனில் பிடித்தாள்.

"எல்லாரும் டிராயரைக் காலி பண்ணிட்டாங்க. கும்பலா வேலையை விடப்போறாங்க. நான் செத்தேன்!"

"கேட்டுப் பாத்தியா?"

"சர்வே அனுப்பினேன். நூத்துப் பன்னிரண்டு பேரும் ஏழு போட்டிருக்காங்க."

"என்கிட்ட வர்ற மாடுங்க படிவமே எழுதறதில்ல. மூஞ்சியைப் பாத்துத்தான் எங்க வலிக்குதுன்னு கண்டுபிடிக்கறேன். நீயும் கொஞ்சம் மூஞ்சியைப் பாரேன்."

"ஜோக் அடிக்கற நேரமா இது? காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. ரெண்டு பிஸ்கட் கிடைச்சாக்கூடப் போதும், தலை சுத்துது."

போனை வைத்தாள். கதவு திறந்தது. அலுவலக உதவியாளர் தட்டோடு நின்றார். ஐம்பது வயதிலும் மாடி முழுக்கச் சுழல்வதால் அவருக்குப் பம்பரம் என்று பெயர். தட்டில் இரண்டே இரண்டு பிஸ்கட்.

"யார் கொண்டுவரச் சொன்னது?"

பம்பரம் கூரையைப் பார்த்தார். "தோணிச்சு மேடம்."

சர்வே மேடத்துக்கு உடம்பு சிலிர்த்தது. போன மாதம் இதே அறையில் 'ஏசி குளிருதே' என்று முனகினாள். மறு நிமிடமே குளிர் குறைந்தது. 'தலைவலி' என்றாள், மாத்திரை வந்தது. தன் ஆளுமை அப்படி, மாடியெங்கும் கதிர் வீசுகிறது என்றுதான் இத்தனை நாள் நம்பியிருந்தாள்.

சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, "எனக்கு ஒரு சிவப்புப் பேனா வேணும்" என்றாள். ஐந்து நிமிடம் ஆகியும் ஒன்றும் வரவில்லை. கண்ணாடிப் பக்கம் திரும்பி அதையே சொன்னாள். முப்பது எண்ணுவதற்குள் பம்பரம் சிவப்புப் பேனாவோடு வந்து நின்றார். மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார்.

"உண்மையைச் சொல்லுங்க!"

"ஃபைல் அக்காவைக் கேளுங்க மேடம். நான் வெறும் டெலிவரி."

ஃபைல் அக்கா கண்ணாடிக்கு நேர் எதிரே, மூன்றாவது மேசையில் உட்கார்ந்து இழப்பீட்டுக் கோப்புகளைச் சரிபார்ப்பவர். கூப்பிட்டதும் உள்ளே வந்து, சர்வே மேடத்தின் முகத்தில் வெளிச்சம் விழும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குக் காது கேக்காது மேடம். ஆறு வருஷம் ஆச்சு, ஒரு காய்ச்சல்ல போச்சு. உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்குவேன்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"இருபத்தோரு படிவம் அனுப்பினீங்க. ஒண்ணுலயும் இந்தக் கேள்வி இல்லையே."

"அப்போ மூணு வாரமா நாங்க பேசினதை எல்லாம் ஒட்டுக் கேட்டீங்களா?"

"கேக்காத காதை வெச்சு எங்கேயிருந்து ஒட்டுக் கேக்கறது? ரூமைக் கண்ணாடியில கட்டினீங்க. என் நாற்காலியை எதிர்ல போட்டீங்க. கண்ணை மூடிக்கிட்டு ஃபைல் பாக்க முடியுமா?"

சர்வே மேடம் வெளியே பார்த்தாள். அங்கே ஒருவர் பேசத் தொடங்குமுன் மேசையை இரண்டு தட்டுத் தட்டினார். முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவர் முடிக்கும்வரை இன்னொருவர் வாய் திறக்கவில்லை. இந்தப் பிரிவில் எல்லோரும் இப்படிப் பேசுவதை வந்த முதல் வாரமே அவள் கவனித்திருந்தாள். தன் பயிற்சி வகுப்பின் பலன் என்று எம்.டி.க்கு அறிக்கைகூட அனுப்பியிருந்தாள். அது வகுப்பில் வந்ததல்ல. யாரும் கட்டளை போடவில்லை. ஒரே ஒருத்திக்காக நூறு சொச்சம் பேர் தங்கள் பேச்சையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். புதிதாகச் சேர்கிறவன்கூட மூன்று நாளில் பழகிவிடுகிறான். தன் இருபத்தொரு கேள்வித்தாளும் காற்றில் பறந்து ஜன்னல் வழியே போவதுபோல் அவளுக்கு இருந்தது.

"வாங்க, காட்டறேன்" என்றார் ஃபைல் அக்கா.

இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு ஒரு தாளை விரித்தார்கள். பழைய காலண்டர் தாள்களைப் பின்புறமாக ஒட்டியது. போர்வை அளவு இருந்தது. அதில் புதிய அலுவலகம் முழுவதும் இருந்தது. யார், எந்த நாள், எந்த நாற்காலி.

"டிராயர் எல்லாம் காலியா இருந்துதே?"

"ஒத்திகை மேடம்" என்றார் கணக்காளர். "மேசை போனா எப்படி இருக்கும்னு போன ரெண்டு செவ்வாயும் நீங்க கிளம்பினப்புறம் பழகிப் பாத்தோம், இன்னிக்குத்தான் முழு நாளும். முதல் வாரம் ஒரே ரகளை. என் மூக்குக் கண்ணாடி நாலு மேசை தாண்டிக் கிடைச்சுது."

"இவங்களுக்கு மட்டும் ஏன் அஞ்சு நாளும் ஆபீஸ்?"

தட்டச்சுக்காரி சிரித்தாள். "என் வீட்ல ரெண்டு ரூம், ஏழு பேரு. இங்க வந்தாத்தான் எனக்கு ரெஸ்ட். வீட்லயே இருக்கணும்னு சொன்னவங்க ஆபீஸ் நாளை நான் எடுத்துக்கிட்டேன், என் வீட்டு நாளை அவங்க எடுத்துக்கிட்டாங்க."

"இவரை நாலு நாள் வீட்லயே போட்டிருக்கீங்க?"

"அவர் போன் பேசினா பக்கத்து பில்டிங்ல ஹலோ சொல்றாங்க மேடம். அதுல மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து." அந்தக் குரல்வளக்காரரே எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

முதுகுவலிக்காரருக்குச் சாய்வு நாற்காலி, கைக்குழந்தைக்காரிக்குக் கதவோர இடம், சண்டை போட்டுக்கொண்ட இருவருக்கு வேறு வேறு கிழமை. ஐந்து மாதமாக அவள் கேள்வித்தாளில் தேடியதெல்லாம் அந்தத் தாளில் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதிக் கிடந்தது. அவள் அதை வானத்தைப் பார்ப்பதுபோல் நின்று பார்த்தாள். கண்ணில் நீர் கட்டியது.

பிறகு விரல் வைத்து எண்ணினாள். நூற்றுப் பதினொன்று.

"அக்கா, உங்க பேர் எங்க?"

சிரிப்பு நின்றது. கணக்காளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அங்கதான் மேடம் மாட்டிக்கிட்டோம். வீடியோவில மூஞ்சியெல்லாம் தபால்தலை சைஸ்ல தெரியுது. அக்காவால உதட்டைப் படிக்க முடியல."

"இடம் மாறி மாறி உக்காந்தா யார் எங்க பேசறாங்கன்னே எனக்குத் தெரியாது" என்றார் ஃபைல் அக்கா. "நான் ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு நின்னுக்கறேன் மேடம். மத்தது எல்லாம் அழகா அமைஞ்சிருக்கு, எனக்காகக் கலைக்காதீங்க."

"நீங்க ஒருத்தர் போனாலும் நானும் லிஃப்ட்ல இறங்கணும்" என்றாள் சர்வே மேடம். சொன்ன பிறகுதான், லிஃப்ட் தனக்கு இப்போது ஒரு பொருட்டே இல்லை என்று உணர்ந்தாள். "உங்க நாற்காலி அங்கேயே இருக்கும். நீங்க அஞ்சு நாளும் இங்கதான். எம்.டி. கிட்ட நான் பேசறேன்."

"பேசுங்க. ஆனா அவர் பேசறது எனக்குச் சரியாப் படிக்க வராது, மீசை மறைக்கும். டீ குடிச்சதும் கைக்குட்டையால மேல ஒதுக்கி விடுவார் பாருங்க, அப்போ ஒரு நிமிஷம் சுத்தமாத் தெரியும்."

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு எம்.டி.யின் நாற்காலி கண்ணாடியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. காலண்டர் தாள் மேசையை மூடிக் கிடந்தது. அவர் அதை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை நடந்து படித்தார். இரண்டு முறை படித்தார். கடைசியாகச் சிவப்புப் பேனாவால் வரைந்திருந்த ஒற்றை நாற்காலியில் விரல் வைத்தார்.

"யாருக்கும் சொந்த இடம் கிடையாதுன்னு பேச்சு. இது என்ன?"

"இந்த ஒரு நாற்காலி நகர்ந்தா மத்த நூத்துப் பதினொண்ணும் நிக்காது சார். இதில உக்கார்றவங்களோட பேசிப் பழகித்தான் எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துப் பேசக் கத்துக்கிட்டாங்க. இந்தத் தாளைப் போட்டுக் கொடுத்தது அவங்க எல்லாரும். இந்த ஒரு நாற்காலியைத் தவிர நான் ஒரு கோடுகூட வரையல."

பம்பரம் சரியாக அந்த நொடியில் டீயோடு நுழைந்தார். எம்.டி. நிதானமாகக் குடித்தார். கைக்குட்டையை எடுத்தார். இரண்டு பக்கத் திரையையும் விலக்குவதுபோல் மீசையை மேலே ஒதுக்கினார். கண்ணாடியைப் பார்த்தபடி தொண்டைக்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சர்வே மேடத்துக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. அவள் வெளியே திரும்பினாள். அங்கே நூற்றுப் பதினொரு தலைகள் மூன்றாவது மேசையைப் பார்த்துத் திரும்பியிருந்தன. ஃபைல் அக்கா தலை நிமிர்த்தினார். கட்டைவிரலை உயர்த்தினார்.

யானை பிளிறினாலும் கேட்காத அந்தக் கண்ணாடிக்கு அப்பால் மாடியே எழுந்து கை தட்டியது. உள்ளே சத்தமே வரவில்லை. சர்வே மேடத்துக்கு எல்லாம் கேட்டது.